லிதுவேனிய 'பூத்தி': தவிர்க்க வேண்டிய தவறுகள்

லிதுவேனியத் தலைநகர் வில்னியஸுக்குப் படிக்கவும் வேலைக்கும் வரும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு லிதுவேனியன் சொல்லிக்கொடுக்கிறேன். புதிதாக வரும் ஒவ்வொரு வகுப்பும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான்: 'இருத்தல்' என்று பொருள்படும் பூத்தி என்ற வினை. உச்சரிப்பு, விகுதி மறதியெல்லாம் பேசப் பேசச் சரியாகிவிடும், அதை விட்டுவிடுகிறேன்.

சமஸ்கிருதத்திலிருந்து வந்தது என்று நம்புவது

'நீ இருக்கிறாய்' என்பதற்கு எஸி. சமஸ்கிருதத்தில் அஸி. பழைய லிதுவேனிய நூல்களில் 'நான் இருக்கிறேன்' என்பதற்கு எஸ்மி என்றே வரும், அங்கே அஸ்மி. உடனே ஒன்று மற்றதன் பிள்ளை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒற்றுமை உண்மைதான், ஆனால் இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலமொழியிலிருந்து தனித்தனியாகக் கிளைத்தவை. அந்த மூலமொழியில் இதற்கு இரண்டு வேர்கள் இருந்தன, ஆங்கிலத்தின் 'இஸ்', 'பீ' இரண்டும்கூட அவற்றிலிருந்து வந்தவையே. அதனால்தான் பூத்திக்கு இறந்தகாலம் புவோ, எதிர்காலம் புஸ் என்று ஒரு வேரில் போக, நிகழ்காலம் மட்டும் எஸு (இன்றைய 'நான் இருக்கிறேன்'), எஸி என்று வேறு வேரில் நிற்கிறது. படர்க்கையில் வரும் ஈரா இந்த இரண்டிலும் சேராது. அதன் பிறப்பு பற்றி அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. பக்கத்து நாட்டு மொழியான லாத்வியனில் அதன் உறவுச்சொல் இர். லிதுவேனியனில் அச்சான முதல் புத்தகமே 1547-இல்தான் வந்தது, அதற்கு முந்தைய கதையை மொழிகளை ஒப்பிட்டுத்தான் ஊகிக்க வேண்டும்.

ஒருமை பன்மை தேடுவது

அவனுக்கும் ஈரா, அவர்களுக்கும் ஈரா. அவ்வளவுதான்.

தமிழ் 'இருக்கும்' என்பதை எதிர்காலமாக எழுதுவது

இதைத்தான் எத்தனை முறை திருத்தினாலும் மறுபடி பார்க்கிறேன், இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. தமிழில் வழக்கத்தைச் சொல்ல எதிர்கால வடிவத்தையே எடுக்கிறோம். 'குளிர்காலத்தில் குளிராக இருக்கும்' என்கிறோம், யாரும் அதை வானிலை அறிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை. லிதுவேனியனில் அதற்கு புஸ் போட்டால் 'இனிமேல் குளிரப்போகிறது' என்று ஆகிவிடும். அங்கே வழக்கத்துக்கென்றே பூத்திக்கு இன்னொரு நிகழ்காலம் உண்டு: பூனா. 'ஜியெமா பூனா ஷால்த்தா', குளிர்காலத்தில் குளிராக இருக்கும். 'வக்கரைஸ் யிஸ் பூனா நமியே', சாயங்காலங்களில் அவன் வீட்டில் இருப்பான். இந்த இடத்தில் ஈரா போட்டால்கூட ஓரளவு ஒப்பேற்றலாம், புஸ் போட்டால் அர்த்தமே மாறிவிடும்.

கடந்தகால வழக்கத்தில் இது இன்னும் மோசம். ஒரு மாணவி, இறந்துபோன தன் பாட்டியைப் பற்றி அழகாக ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். 'பாட்டி எப்போதும் சமையலறையில்தான் இருப்பார்' என்பதை அப்படியே மாற்றி, பாட்டிக்கு புஸ் போட்டிருந்தாள். அதைப் படித்த அவளுடைய லிதுவேனியத் தோழி, பாட்டி ஊரிலிருந்து எப்போது வருகிறார், நானும் பார்க்க வேண்டும் என்று சந்தோஷமாகக் கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் பதில் சொல்ல முடியாமல் எழுந்து போய்விட்டாள். அங்கே வேண்டியிருந்தது பூதவோ என்ற ஒரே சொல்.

இந்த 'தவ்' வடிவம், முன்பெல்லாம் திரும்பத் திரும்ப நடந்ததைச் சொல்ல ஏற்பட்டது. பக்கத்து லாத்வியனில்கூட இது கிடையாது. உருவாக்குவதும் சுலபம்: வினையின் கடைசி 'தி'யை எடுத்துவிட்டு 'தவோ' சேர்த்தால் படர்க்கை வந்துவிடும். 'போவது' என்ற எய்த்திக்குச் சாதாரண இறந்தகாலம் ஏயோ என்று கோணலாக வருமே, அதுகூட இங்கே எய்தவோ என்று ஒழுங்காக நிற்கும். இவ்வளவு ஒழுங்கான வடிவத்தைப் பயந்துகொண்டு தொடாமல் விடுவதுதான் எனக்குப் புரியவில்லை.

தெரிந்த பிறகு எல்லா இடத்திலும் தூவுகிறவர்களும் உண்டு. நீண்ட காலம் என்பதற்காகப் பூதவோ வராது. வில்னியஸில் ஒரே மூச்சாக ஐந்து வருடம் இருந்தீர்களா, அதற்கு 'நான் இருந்தேன்' என்ற சாதாரண புவௌ போதும். வருடாவருடம் கோடையில் போய்த் தங்குவீர்களா, அப்போது பூதவோவின் 'நான்' வடிவமான பூதவௌ.

'புஸ்'ஸை நீட்டுவது

'நான் இருப்பேன்' என்ற பூஸ்யு நெடில், 'அவன் இருப்பான்' என்ற புஸ் குறில்.

'நேரா' வந்ததும் எல்லாவற்றையும் ஆறாம் வேற்றுமையாக்குவது

'ஈரா'வுக்கு எதிர்மறை நேரா. இல்லாத ஆள் ஆறாம் வேற்றுமைக்குப் போவார்: 'யோனஸ் ஈரா நமியே' என்றால் யோனஸ் வீட்டில் இருக்கிறான், 'யோனோ நேரா நமியே' என்றால் இல்லை. இதைக் கற்றதும் 'யோனஸ் ஆசிரியர் அல்ல' என்பதற்கும் யோனோ போடுகிறார்கள். கூடாது, அங்கே ஆள் இருக்கிறான், ஆசிரியராக இல்லை, அவ்வளவுதானே? 'யோனஸ் நேரா மோக்கீத்தோயஸ்' என்று இரண்டு பெயரும் எழுவாய் வேற்றுமையிலேயே நிற்கும். தமிழில் 'இல்லை' வருமா 'அல்ல' வருமா என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். 'அல்ல' என்றால் யோனஸைத் தொடாதீர்கள்.