கரிசல் மண்ணை நேரில் படித்து அறிவது எப்படி? கோவில்பட்டி வட்டாரத்தை வைத்து ஒரு செய்முறை

கறுப்பாக இருக்கிற மண்ணையெல்லாம் கரிசல் என்று சொல்லிவிடுகிறோம். ஈரம் காயாத நெல்வயல் சேறும் கறுப்புதான். தழையும் சாணமும் மக்கிய தோட்டத்து மண்ணும் கறுப்புதான். அவையெல்லாம் கரிசல் ஆகிவிடாது. கரிசலுக்கு அடையாளம் அதன் அசைவு. தண்ணீர் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும், ஆண்டுதோறும் இதையே செய்யும். நிறத்தை விட்டுவிட்டு இந்த அசைவைப் பிடித்துக்கொண்டால் மண்ணின் மற்றக் குணங்கள் ஒவ்வொன்றாகப் புரியத் தொடங்கும்.

வேளாண்மை படிக்கத் தொடங்கியவர்கள், கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கம் நிலம் வாங்கியவர்கள், பள்ளிப் பிள்ளைகளைக் காட்டுக்கு (இங்கே காடு என்றால் மானாவாரி விளைநிலம்) அழைத்துப்போக நினைக்கும் ஆசிரியர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஆய்வுக்கூடம் தேவையில்லை. கடப்பாரை, மண்வெட்டி, அளவு நாடா, ஒரு மீட்டர் நீளத்துக்கு வளைந்து கொடுக்கும் மெல்லிய கம்பி, ஒரு புட்டித் தண்ணீர், கொஞ்சம் வினிகர், 100 மில்லி அளவுக் குடுவை இரண்டு, சிறிது மண்ணெண்ணெய், சமையலறைத் தராசு ஆகியவை இருந்தால் போதும்.

1. போகும் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்த மண்ணை ஒரே நாளில் படிக்க முடியாது. ஆண்டுக்கு இரண்டு முறை போக வேண்டும். முதல் முறை ஆனி அல்லது ஆடியில், இரண்டாம் முறை ஐப்பசி மழைக்குப் பிறகு.

ஆனி ஆடி ஏன் என்றால், அப்போதுதான் மண் அடியாழம் வரை காய்ந்திருக்கும். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துக்கொள்கிறது. குற்றாலத்தில் சாரல் விழும் அதே நாட்களில், அதற்கு நேர் கிழக்கே இந்தக் காட்டில் காற்று மட்டும்தான் வீசும். செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி வரும் அந்தக் காற்றை நம்பித்தான் கயத்தாறுப் பக்கம் காற்றாலைகளை நிறுத்தியிருக்கிறார்கள். ஈரமெல்லாம் மலையில் கொட்டிவிட்டு வறண்டு வரும் காற்று அது. சித்திரை வைகாசி வெயில் விட்டுவைத்த மிச்ச ஈரத்தையும் அது உறிஞ்சிக்கொண்டு போய்விடும்.

ஆண்டு மழை சராசரியாக 700 மி.மீ. சுற்றித்தான். அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் விழுகிறது. வெயிலும் காற்றும் சேர்ந்து ஆவியாக்க வல்ல நீரின் அளவோ விழும் மழையைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம். மூன்று மாதம் நனைவதும் மீதி மாதங்கள் காய்வதுமான இந்தக் கணக்கு இல்லாவிட்டால் கரிசலும் இல்லை.

2. குனிவதற்கு முன் நிலத்தின் அமைப்பைப் பாருங்கள்

வந்ததும் மண்ணை அள்ளாதீர்கள். நின்ற இடத்தில் இருந்து சுற்றிலும் பாருங்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் தட்டையாக, கிழக்கே கடலைப் பார்த்து மெல்லச் சரிந்து போகும் நிலம். சரிவு அவ்வளவு லேசானது என்பதால் மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைக் கண்ணால் சொல்வது கடினம். கண்மாய்க் கரை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இப்போது மேட்டைத் தேடுங்கள். கழுகுமலை போன்ற பாறைக் குன்றின் அடிவாரத்திலோ சாலையோர மேட்டிலோ மண் சிவந்து சரளையோடு இருக்கும். அது செவல். அங்கிருந்து பள்ளத்தை நோக்கி நடந்தால் நிறம் மங்கி, பழுப்பாகி, கடைசியில் கரிசலில் வந்து நிற்பீர்கள். ஒரே பாறையில் இருந்து பிறந்தும் மேட்டில் செவலாகவும் பள்ளத்தில் கரிசலாகவும் இருப்பதைப் பல இடங்களில் காணலாம். மேட்டில் விழும் மழை அங்கிருக்கும் சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், கரைந்த சிலிக்கா எல்லாவற்றையும் கழுவிக் கீழே கொண்டுவருகிறது. பள்ளத்தில் அவை தேங்குகின்றன. அப்படித் தேங்கிய இடத்தில்தான் மாண்ட்மோரிலோனைட் என்னும் களிமண் கனிமம் உருவாகும். கரிசலின் ஊதல், சுருங்கல் எல்லாவற்றுக்கும் காரணம் இதுவே.

மகாராஷ்டிராவின் கறுப்பு மண் பசால்ட் என்னும் எரிமலைப் பாறையில் இருந்து வந்தது. பள்ளிப் புத்தகத்தில் அதைப் படித்துவிட்டு, கோவில்பட்டியிலும் எரிமலை இருந்திருக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். இங்கே அடியில் இருப்பது இரும்புச் சத்துள்ள நைஸ் (gneiss) என்னும் உருமாறிய பாறை. பாறை வேறாக இருந்தும் களிமண் ஒன்றாக வந்திருக்கிறது என்றால், தட்பவெப்பமும் தாழ்ந்த நிலமும் எவ்வளவு பெரிய வேலை செய்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். நீலகிரி போல மழை கொட்டும் இடமாக இருந்திருந்தால் சுண்ணாம்பும் மக்னீசியமும் என்றோ கழுவிப் போயிருக்கும், செம்மண்தான் மிஞ்சியிருக்கும்.

3. வெடிப்பை அளந்து எழுதுங்கள்

சமீபத்தில் உழாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கோடை உழவு போட்ட காட்டில் மேல்மண் உதிர்ந்து வெடிப்பை மூடியிருக்கும். வெடிப்பின் மேல் அகலத்தை நாடாவால் அளந்துகொண்டு கம்பியை உள்ளே விடுங்கள். கையை விடவே கூடாது. தேளும் பாம்பும் வெயிலுக்கு ஒதுங்கும் இடம் அது.

50 செ.மீ. ஆழத்திலும் வெடிப்பு ஒரு செ.மீ. அகலம் இருந்தால் அது முழுக் கரிசல் என்பது மண்ணியலில் நெடுநாளாக இருந்துவரும் அளவுகோல். பத்து வெடிப்புகளையாவது அளந்து ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வீடு கட்டும் பேச்சு வரும்போது இந்த எண் தேவைப்படும்.

அளந்துகொண்டிருக்கும்போதே வெடிப்பின் ஓரத்தைக் கவனியுங்கள். காற்று அடித்தாலும் ஆடு நடந்தாலும் மேல்மண் பொலபொலவென்று உள்ளே சரியும். அது அங்கேயே கிடக்கும். மழை வந்து மண் ஊதும்போது, வெடிப்பு மூட இடம் போதாமல் பக்கவாட்டில் நெருக்கும். மேல்மண் கீழே போக, கீழ்மண் மேலே தள்ளப்பட, கரிசல் தன்னைத்தானே மெல்லப் புரட்டிக்கொள்கிறது. வேலிக் கல்லும் கம்பமும் சில இடங்களில் சாய்ந்து நிற்பது இதனால்தான்.

4. ஒரு குழி தோண்டுங்கள்

ஒரு மீட்டர் ஆழம் வேண்டும். காய்ந்த கரிசல் கடப்பாரைக்கே எளிதில் மசியாது. இரண்டு பேர் மாற்றி மாற்றிக் குத்துங்கள். மழைக்காலத்தில் இந்த வேலையைச் செய்யாதீர்கள், ஈரக் கரிசலில் குழியின் சுவர் சரியும்.

செவல் நிலத்துக் குழியில் நிறம் மாறும் அடுக்குகள் தெளிவாகத் தெரியும். கரிசல் குழியில் நெடுந்தூரம் ஒரே கறுப்புதான். புரண்டுகொண்டே இருக்கும் மண்ணில் அடுக்கு எப்படித் தங்கும்? அரை மீட்டருக்குக் கீழே ஒரு பெரிய கட்டியைக் கையால் பிளந்து பாருங்கள். சாய்வான முகம் ஒன்று பளபளவென்று தேய்த்து மெருகிட்டதுபோல் இருந்தால், அது ஊதிய மண்ணும் மண்ணும் உரசி வழுக்கிய பரப்பு. குழியில் நீங்கள் தேட வேண்டிய தலையாய தடயம் இதுதான். இது கிடைத்துவிட்டால் மற்றச் சோதனைகள் உறுதிப்படுத்துவதற்கு மட்டுமே.

அடியில் வெள்ளையாக முடிச்சு முடிச்சாகத் தட்டுப்படுவது சுக்கான் கல். மழைநீரில் கரைந்து இறங்கிய சுண்ணாம்பு, தண்ணீர் அதற்குமேல் இறங்க முடியாத ஆழத்தில் கட்டியாகிவிடுகிறது. அதன் மேல் இரண்டு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கும். காது கொடுத்துக் கேட்டால் பொரிவதும் கேட்கும். கரிசலின் கார அமில நிலை (pH) பெரும்பாலும் 8 சுற்றி இருப்பதும், மணிச்சத்து (பாஸ்பரஸ்) போட்டாலும் பயிருக்குச் சரியாகக் கிடைக்காமல் போவதும், துத்தநாகப் பற்றாக்குறை தலைகாட்டுவதும் இந்தச் சுண்ணாம்பால்தான்.

கரிசல் எத்தனை ஆழத்தில் முடிகிறது என்பதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் ஆழக் கரிசல், பயிர் உறிஞ்சக்கூடிய ஈரமாக ஏறத்தாழ 150 முதல் 200 மி.மீ. வரை பிடித்து வைக்கும். அரை மீட்டரில் பாறை வந்துவிட்டால் அதில் பாதிதான். கார்த்திகையோடு மழை நின்ற பிறகும் தை, மாசி வரை பருத்தியும் கொத்தமல்லியும் கொண்டைக்கடலையும் நிற்பது இந்தச் சேமிப்பில்தான். நிலம் வாங்குபவர்கள் சாலை முகப்பைக் கேட்பார்கள், கிணற்றைக் கேட்பார்கள். கரிசலின் ஆழத்தை யாரும் கேட்பதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

5. ஈர மண்ணை நாடாவாக இழுத்துப் பாருங்கள்

ஒரு பிடி மண்ணைப் பொடித்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு மாவு பதத்துக்குப் பிசையுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நாடா மாதிரி நசுக்கித் தள்ளுங்கள். 5 செ.மீ.க்கு மேல் அறுந்து விழாமல் நீண்டால் களிமண். செவல் 2 செ.மீ.க்குள் அறுந்துவிடுவது வழக்கம்.

6. ஊதலை எண்ணாக மாற்றுங்கள்

இந்த மண்ணின் குணத்தை ஓர் எண்ணாகக் காட்டும் சோதனை இது. கட்டடப் பொறியாளர்களும் இதையே செய்கிறார்கள். அவர்கள் அடுப்பில் உலர்த்தி 425 மைக்ரான் சல்லடையில் சலிப்பார்கள். நாம் நன்றாக வெயிலில் காயவைத்து, நுணுக்கி, மெல்லிய மாவுச் சல்லடையில் சலித்துக்கொள்ளலாம். விடை தோராயமாகத்தான் வரும். மண்ணை ஒப்பிட அது போதும்.

இரண்டு குடுவையிலும் பத்துப் பத்து கிராம் மண் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய், இரண்டும் 100 மில்லி குறி வரை. குச்சியால் கிளறிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றிவிட்டு 24 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடுப்பும் விளக்கும் இல்லாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் மண் எந்தக் குறி வரை நிற்கிறது என்று படியுங்கள். மண்ணெண்ணெயில் கரிசல் ஊதாது, தண்ணீரில் ஊதும். மாண்ட்மோரிலோனைட்டின் ஏடுகள் கவுளி வெற்றிலை அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. தண்ணீர் அந்த ஏடுகளுக்கு நடுவே நுழைந்து அவற்றை விலக்கிவிடும், எண்ணெய்க்கு அது முடியாது. மண்ணெண்ணெயில் 10 மில்லியும் தண்ணீரில் 22 மில்லியும் இருந்தால் வித்தியாசம் 12. அதை மண்ணெண்ணெய்க் குடுவையின் அளவான 10 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்கினால் 120 விழுக்காடு. 50க்குள் என்றால் கவலை இல்லை. 100ஐத் தாண்டினால் அந்த மண்ணின் மேல் வழக்கமான அடித்தளம் போடக் கூடாது.

வீடு கட்டப்போகிறவர்கள் படி 3இல் அளந்த வெடிப்பு ஆழத்தை இங்கே சேர்த்துப் பாருங்கள். அடித்தளம் அந்த ஆழத்துக்கும் கீழே, ஈரம் மாறாத இடத்துக்குப் போக வேண்டும். சன்னல் மூலையில் இருந்து சாய்வாக ஓடும் விரிசலைப் பூசிப் பூசிப் பார்க்கும் வீடுகள் இந்த வட்டாரத்தில் நிறைய. பூச்சில் கோளாறு இல்லை, கீழே மண் அசைகிறது. குளியலறைத் தண்ணீரைச் சுவர் ஓரமாக விடாமல் இருப்பதும், வீட்டைச் சுற்றிச் சிமெண்ட் தளம் இடுவதும் பெரிய அளவில் உதவும். அடித்தள வடிவமைப்பை மட்டும் மண் பரிசோதனை செய்து தரும் பொறியாளரிடம் விட்டுவிடுங்கள்.

7. ஐப்பசியில் திரும்பி வாருங்கள்

முதல் மழை வெடிப்பு வழியாகக் கடகடவென்று இறங்கும். எவ்வளவு பெய்தாலும் மேலே தண்ணீர் நிற்காது. மண் ஊதி வெடிப்பு மூடியதும் நிலைமை தலைகீழ். இருபுறமும் வெட்டிய தகர டப்பா ஒன்றை ஈர மண்ணில் 5 செ.மீ. அழுத்தி, தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தால் சில மி.மீ.தான் வரும். அதற்குமேல் பெய்யும் மழை நின்று வேரை அழுகவைக்கும், அல்லது மேல்மண்ணோடு ஓடும். ஹைதராபாத் அருகே பட்டான்சேருவில் உள்ள இக்ரிசாட் என்னும் சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் இதற்காகவே அகலப் பாத்தியும் வாய்க்காலும் மாறி மாறி வரும் முறையைக் கறுப்பு மண்ணுக்கு வகுத்தது.

நனைந்த கரிசலில் ஏர் இறங்காது, டிராக்டரும் புதையும். அதனால்தான் இங்கே மழைக்கு முன்பே புரட்டாசியில், செப்டம்பர் பின்பாதியில், புழுதி விதைப்புச் செய்கிறார்கள். விதையை 5 செ.மீ. ஆழத்தில் போடுவார்கள். சின்னத் தூறலுக்கு முளைத்துக் கருகாமல், 20 மி.மீ.க்கு மேல் ஒரு நல்ல மழை கிடைத்தால் மட்டுமே அது முளைக்கும். 1901இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் வேலையில் பெரும்பகுதி இந்த மானாவாரிக் கரிசலைச் சுற்றியதுதான்.

களை எடுக்க எப்போது இறங்கலாம் என்பதைத் தீர்மானிக்கப் பதம் பார்க்க வேண்டும். ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்து உருண்டை பிடித்து, நெஞ்சு உயரத்தில் இருந்து கீழே விடுங்கள். சப்பென்று ஒட்டிக்கொண்டால் இன்னும் ஈரம் அதிகம், கால் வைத்தால் மண் இறுகிவிடும். உருண்டையே பிடிக்க வராமல் போனால் பதம் தப்பிவிட்டது. நாலைந்து துண்டாக உதிர்ந்தால் அன்றைக்கே ஆள் சொல்லுங்கள். காற்றடித்தால் அடுத்த சில நாட்களிலேயே அந்தப் பதம் போய்விடும்.