சீரிஸின் வெள்ளைப் புள்ளியை மணல் தட்டில் வரவைப்பது எப்படி

2015-இல் டான் விண்கலம் சீரிஸை நெருங்கியபோது, கரி போலக் கருத்த அந்தக் குறுங்கோளில் ஒரு பள்ளத்துக்குள் வெள்ளைத் திட்டுகள் எல்லாவற்றையும் விடப் பளிச்சிட்டன. பள்ளத்தின் பெயர் ஆக்கேட்டர். வெள்ளைப் பொருள் பெரும்பாலும் சோடியம் கார்பனேட், அதாவது நம் சலவை சோடா. ஈசிஆரில் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டிப் போனவருக்கு விஷயம் எளிது: தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். பள்ளி அறிவியல் கண்காட்சியில் இதை மூன்று நாளில் செய்து காட்டலாம்.

வேண்டியவை: 40 செ.மீ. பிளாஸ்டிக் ட்ரே, கழுவிய ஆற்று மணல், கரித்தூள், விளக்குத் திரி, ஸ்ட்ரா, மூடியுள்ள ஐஸ்கிரீம் டப்பா, நான்கு செங்கல். எவர்சில்வர் தட்டு வேண்டாம், உப்பு அரித்துவிடும்.

கரைசலுக்கு அரை லிட்டர் தண்ணீரில் 120 கிராம் தூள் உப்பு, 25 கிராம் சலவை சோடா. கடையில் ‘சோடா’ என்று மட்டும் கேட்டால் ஆப்ப சோடாவைக் கொடுத்துவிடுவார்கள், பார்த்து வாங்குங்கள். கேன் தண்ணீரே நல்லது. போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகமிருந்தால் சலவை சோடா பட்டதும் பால் போலக் கலங்கும், அந்த வண்டல் திரியை அடைக்கும். கல்லுப்பும் உதவாது. அதில் ஒட்டியிருக்கும் மெக்னீசியம் குளோரைடு கடற்காற்றின் ஈரத்தை இழுத்து, தட்டைச் சொதசொதவென்று ஆக்கிவிடும். தூள் உப்பாக இருந்தாலும் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கசியும். அதனால் ராத்திரியில் தட்டைப் பாலிதீன் தாளால் மூடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையையே தொடாதீர்கள்.

ட்ரேயின் நடுவில் ஒரு துளை, அதற்குக் கிழக்கே ஏழெட்டு செ.மீ. தள்ளி இரண்டு சின்னத் துளைகள். நடுவில் இருப்பது சீரியாலியா திட்டு, கிழக்கில் இருப்பவை வினாலியா திட்டுகள். நடுவில் தடித்த திரி, மற்ற இரண்டிலும் ஒற்றை நூல். ஒவ்வொன்றையும் ஸ்ட்ராவுக்குள் நுழைத்து விடுங்கள். வெறுமனே தொங்கவிட்டால் உப்பு வழியிலேயே பூத்து, மேலே எதுவும் வராது.

மணல் நான்கு பங்குக்குக் கரித்தூள் ஒரு பங்கு. காய்ந்த கரித்தூள் தண்ணீரை ஏற்காது. தெளித்துத் தெளித்துப் பிசைந்து, பிடித்தால் நிற்கும், உதிர்த்தால் உதிரும் என்ற புட்டு மாவுப் பதத்துக்குக் கொண்டுவந்து 4 செ.மீ. உயரம் நிரப்புங்கள். பிறகு பள்ளம். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள்: கிண்ணத்தை அழுத்திக் குழி போடுவார்கள். ஆக்கேட்டர் 92 கி.மீ. அகலம், சுமார் 4 கி.மீ. ஆழம். 23 செ.மீ. பள்ளத்துக்கு ஆழம் 1 செ.மீ.தான். கிண்ணம் இல்லை, தாம்பாளம். திரியின் நுனி பள்ளத்தின் தரைக்கு அரை செ.மீ. கீழே நிற்கட்டும்.

ஒரு நாள் வெயிலில் காயவிடுங்கள். அவசரப்பட்டு ஈர மணலோடு இணைத்தால் தட்டு முழுக்க வெளுத்துவிடும். மறுநாள் ட்ரேயைச் செங்கல் மேல் ஏற்றி, கரைசல் டப்பாவைக் கீழே வைத்து, மூடியில் துளையிட்டுத் திரிகளை இறக்குங்கள். திரிகளை முதலிலேயே கரைசலில் நனைத்துவிட வேண்டும். கரைசல் மட்டம் ட்ரேக்குக் கீழேதான் இருக்க வேண்டும், மேலே போனால் பள்ளம் குளமாகும். ஃபேன் போட்டால் சீக்கிரம் பூக்கும். முதலில் விளிம்பில் ஊசி ஊசியாக, பிறகு நடுவில் பொருக்காக வரும். மூன்று நான்கு செ.மீ. பரவியதும் டப்பாவை எடுத்துவிடுங்கள்.

பார்க்க வருகிறவர்களிடம் மாதிரி எங்கே பொய் சொல்கிறது என்பதையும் சொல்லுங்கள். இங்கே கரைசலை ஏற்றுவது திரி. அங்கே, ஏறத்தாழ 2 கோடி ஆண்டுக்கு முன் விழுந்த கல் போட்ட விரிசல்களும், உறையும்போது விரியும் உப்புநீரின் அழுத்தமும் ஏற்றியிருக்கலாம் என்பது கணிப்பு. சுமார் 40 கி.மீ. ஆழத்தில் உப்புநீர் இருப்பதாக டானின் ஈர்ப்பு அளவீடுகள் காட்டின. உப்பு கலந்தால் உறைநிலை இறங்கும். நம் சமையல் உப்பே மைனஸ் 21 டிகிரி வரை இறக்கும். சீரியாலியாவில் நீர் பிடித்த சோடியம் குளோரைடும் கிடைத்தது. காற்றில்லாத வெளியில் அந்த நீர் வெகுநாள் தங்காது. ஆகவே கசிவு மிக அண்மையில் நடந்திருக்க வேண்டும் என்கிறார்கள்.

புளூட்டோவையும் பக்கத்தில் வைக்க ஆசையா? தட்டையான வாணலியில் 3 மி.மீ. தேங்காய் எண்ணெய், ஒரு சிட்டிகை மினுமினுப்பு மைக்கா தூள், மிகச் சிறு தீ. எண்ணெய் புகைய விடாதீர்கள். ஒரு செ.மீ. அளவில் பலகோணக் கட்டங்கள் தெரியும். புளூட்டோவில் உள்ள ஸ்புட்னிக் சமவெளியின் நைட்ரஜன் பனியில் இதேபோன்ற கட்டங்கள் 10 முதல் 40 கி.மீ. அகலம். ஆனால் வாணலியில் கட்டங்களை உண்டாக்குவதில் பெரும்பங்கு எண்ணெயின் பரப்பு இழுவிசைக்கு. புளூட்டோவில் அடியில் சூடான பனி லேசாகி மேலே வருகிறது, வருஷத்துக்குச் சில செ.மீ. வேகத்தில்.