ஃபேவைல்டுக்குள் குழுவைக் கூட்டிப்போவது எப்படி: டன்ஜன் மாஸ்டருக்கான வழிகாட்டி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதைசொல்லி ஆடும் மேஜை ஆட்டத்தில், ஃபேரிகள் என்ற மாய உயிர்களின் உலகத்துக்குப் பெயர் ஃபேவைல்டு. 2008இல் வந்த நான்காம் பதிப்பில் தனி உலகமாக இடம்பிடித்து, ஐந்தாம் பதிப்பிலும் தொடர்கிறது. அங்கே நடக்கும் ஆட்டங்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தால் சொதப்புகின்றன. "ஃபேரிகள் மனம்போன போக்கில் நடப்பவர்கள், அதனால் எது வேண்டுமானாலும் நடக்கும்" என்று ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் எடுத்துக்கொள்கிறார். எதுவும் நடக்கும் என்றால் ஆட்டக்காரர்களால் திட்டம் போட முடியாது. கொஞ்ச நேரத்தில் அவர்கள் வெறுமனே வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஃபேரியின் மனநிலை நிமிடத்துக்கு ஒன்றாக மாறட்டும். அந்த நாட்டின் சட்டம் மட்டும் மாறவே கூடாது. மனித அரசன் கொடுத்த வாக்கை மீறலாம், ஃபேரி ராணியால் முடியாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக அமையும். கீழே உள்ள எண்கள், வேறு பதிப்பைக் குறிப்பிடாத இடங்களில், ஐந்தாம் பதிப்பின் 2014 விதிநூல்களைச் சேர்ந்தவை.

முதலில் வரைபடம். புதிதாக எதையும் வரைய வேண்டாம். ஃபேவைல்டு நம் கதையுலகின் எதிரொலி. இங்கே மலை இருந்தால் அங்கேயும் மலை உண்டு, ஆனால் மிகையாக. எரிமலை இருக்கும் இடத்தில் உள்ளே தீ ஒளிரும் படிகச் சிகரங்கள் நிற்கும். இடிந்த கோட்டை இருக்கும் இடத்தில் ஒரு ஆர்ச்ஃபேயின் (ஃபேரிப் பிரபுவின்) மாளிகை முழுப் பொலிவோடு இருக்கும். ஆட்டக்காரர்களுக்கு ஏற்கெனவே பழகிய ஊரின் வரைபடத்தை எடுத்து, அதில் மூன்று இடங்களை மட்டும் இப்படி மாற்றுங்கள். மூன்றாவது இடத்தை அவர்களே அடையாளம் கண்டு "இது நம்ம சத்திரம்தானே!" என்பார்கள். பத்து இடங்களை மாற்றினால் எதுவும் மனதில் நிற்காது.

உள்ளே போகும் வாசல் ஒரு சுனை, காளான் வட்டம், சாய்ந்த மரத்தின் அடிப்பகுதி என எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு நேரம், ஒரு செயல் என இரண்டையும் முன்பே எழுதி வையுங்கள். உதாரணமாக, பௌர்ணமி இரவில், சுனையை முதுகுப்பக்கமாக நடந்து கடக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க ஊருக்குள் மூன்று துப்புகளாவது சிதறிக் கிடக்க வேண்டும். ஒரே துப்பை வைத்து அதற்கும் ஒரு டைஸ் ரோல் (பகடை உருட்டல்) கேட்டால், ரோல் தோற்றதுமே அன்றைய செஷன் முடிந்துவிடும். வாசலின் ஒரு பக்கத்து நிலம் பெரிய அளவில் மாறினால் அந்த வாசல் நிரந்தரமாக மூடிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். மரம் வெட்ட வரும் கும்பலைத் தடுக்க வேண்டும் என்பதே ஒரு முழு சாகசத்துக்குப் போதும்.

அடுத்தது சட்டங்கள். மூன்று போதும்: விருந்தோம்பல், உடைமை, கைம்மாறு. அழைத்தவர் விருந்தாளியைக் காக்க வேண்டும், விருந்தாளியும் உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யக் கூடாது. அனுமதியில்லாமல் எடுத்த பொருள் திருட்டு, அது கீழே கிடந்த பூவாக இருந்தாலும். வாங்கிய உதவிக்கு ஈடு செய்தே ஆக வேண்டும். இந்த மூன்றையும் முதல் அரைமணி நேரத்துக்குள் ஆட்டக்காரர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். பூப்பறித்த பூதக்குள்ளன் ஒருவன் நீதிமன்றத்தில் நிற்கும் காட்சி, பத்து நிமிட விளக்கத்தைவிட நன்றாக வேலை செய்யும். சட்டத்தைச் சொல்லாமல் வைத்திருந்து, மீறிய பிறகு தண்டிப்பது மிக மோசமான பழக்கம்.

பேரம்தான் ஃபேவைல்டின் உயிர். இங்கே அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு பேரத்தையும் ஒரு அட்டையில் எழுதி மேஜையின் நடுவில் வையுங்கள்: யார் யாருக்கு என்ன தருகிறார், பதிலுக்கு என்ன, எப்போதுக்குள், எது நடந்தால் பேரம் முடிகிறது. இரண்டு செஷன் கழித்து "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்ற வாக்குவாதம் வரும்போது அந்த அட்டை காப்பாற்றும். அதைவிட முக்கியம், ஆட்டக்காரர் அந்தச் சொற்களை உற்றுப் பார்க்க ஆரம்பிப்பார்.

ஃபேரி பொய் சொல்லாது என்று விதிநூல் சொல்லவில்லை. ஆனாலும் உங்கள் மேஜையில் அப்படி வைத்துக்கொள்ளுங்கள். பொய் சொல்லாமல், பாதி உண்மையை மட்டும் சொல்லும் எதிராளியோடு பேசுவதில் தனி சுவை உண்டு. எழுதும் ஒவ்வொரு பேரத்திலும் வேண்டுமென்றே ஒரு ஓட்டை விடுங்கள். "சூரியன் மறையும் முன் வா" என்கிறாள் ராணி. அவள் நாட்டிலோ சூரியன் மறைவதே இல்லை, எப்போதும் அந்தி. கவனித்தவர் தப்பிக்கலாம். ஓட்டையே இல்லாத பேரத்தில் ஒருமுறை மாட்டிக்கொண்ட குழு, அதன் பிறகு எந்த ஃபேரியோடும் பேசாது. பேச மறுக்கும் குழுவை வைத்துக்கொண்டு ஃபேவைல்டில் செய்ய ஒன்றுமில்லை.

விலையைப் பொற்காசில் கேட்காதீர்கள். நிழல், கண்ணின் நிறம், தாய் வைத்த செல்லப்பெயர், பாடும் குரல் இவைதான் அங்கே செல்லுபடி. குரலைக் கொடுத்தவருக்கு பெர்ஃபார்மன்ஸ் (கலைத்திறன்) ரோல்களில் டிஸட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிச் சிறிய எண்ணை எடுப்பது) என்பது போல, விலைக்கு ஒரு சிறிய விளைவும் இருக்கட்டும். ஆனால் அந்தக் கேரக்டரின் பிழைப்பே எதில் இருக்கிறதோ அதைத் தொடாதீர்கள். பாட்டால் மந்திரம் செய்யும் பார்டிடம் குரலைப் பறித்தால், விலை கொடுத்தது ஆட்டக்காரர்தான்.

வாக்கு மீறினால் என்ன? கட்டளைக்குக் கட்டிப்போடும் கீயஸ் ஸ்பெல்லை (மந்திரத்தை) அப்படியே போடுவது பலர் செய்யும் தவறு. மீறும் நாளில் 5டி10 (பத்துப் பக்கப் பகடை ஐந்து) சைக்கிக் டேமேஜ் (மனத்தைத் தாக்கும் சேதம்), சராசரி 27. கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 14 உள்ள மூன்றாம் லெவல் விசார்டுக்கு (மந்திரவாதிக்கு) சராசரிக் கணக்கில் ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) 20தான். ஒரே அடியில் சாய்வார். எட்டாம் லெவலுக்குக் கீழே இருக்கும் குழுவுக்கு வேறு வழி நல்லது: மீறிய மறுநாள் காலை ஒரு லெவல் எக்ஸாஸ்ஷன் (களைப்பு), ஈடு செய்யும்வரை அது குறையாது. வலிக்கும், ஆனால் கொல்லாது.

ஒரு விஷயத்தை ஆட்டம் தொடங்கும் முன்பே மேஜையில் கேட்டுவிடுங்கள். குழந்தையைத் திருடி வேறொன்றை வைப்பது, மயக்கிக் காதலிக்க வைப்பது ஆகியவை பழைய ஸ்காட்லாந்து, அயர்லாந்துக் கதைகளில் நிறைய உண்டு. சிலருக்கு அவை ஆட்டமாகத் தோன்றாது. யாராவது வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், காரணம் கேட்க வேண்டாம்.

அரசவைகளைப் பற்றிச் சுருக்கமாக: டைட்டானியாவின் கீழ் சீலி, காற்றுக்கும் இருளுக்குமான ராணியின் கீழ் அன்சீலி. இதை நல்லவர், கெட்டவர் என்று பிரிக்காதீர்கள். சீலி பிரபு புன்னகையோடு உங்களைக் கல்லாக்கலாம், அன்சீலி காவலன் சொன்ன சொல்லுக்காகச் சாகலாம். ஒவ்வொரு பிரபுவுக்கும் ஒரு ஆசை, சகிக்க முடியாத ஒரு விஷயம், ஒரு பேச்சுப் பழக்கம் எழுதிக்கொண்டால் போதும்.

சண்டையில் பிக்ஸி என்ற குட்டி ஃபேரியைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். சேலஞ்ச் ரேட்டிங் (எதிரியின் வலிமை அளவு) 1/4, ஹிட் பாயிண்ட் 1 என்பதைப் பார்த்து ஆறு பிக்ஸிகளை இறக்கினால் குழு முழுக்க ஆடுகளாகிவிடும். ஒவ்வொன்றிடமும் நாளுக்கு ஒரு பாலிமார்ஃப் (விலங்காக மாற்றுவது), ஒரு கன்ஃப்யூஷன் (குழப்புவது), ஒரு ஸ்லீப் (தூங்கவைப்பது) இருக்கிறது. சேவ் டிசி, அதாவது தப்பிக்கப் பகடையில் எட்ட வேண்டிய எண், 12. நான்கு பேருக்கு மூன்று பிக்ஸி போதும், ஒரு நேரத்தில் ஒரு பாலிமார்ஃப் மட்டும். பலர் கவனிக்காத விதி ஒன்று: பிக்ஸி கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதும் கன்சன்ட்ரேஷன், பாலிமார்ஃபும் கன்சன்ட்ரேஷன் (மனக்குவிப்பு), ஒரு நேரத்தில் ஒன்றுதான் முடியும். ஆகவே யாரையாவது ஆடாக்கிய நொடியில் அது கண்ணுக்குத் தெரிந்துவிடும், ஒரு அம்பு பட்டால் ஆடு மீண்டும் மனிதன். இந்த விதியை மறந்தால் சண்டை நியாயமற்றதாகும்.

ஸ்ப்ரைட் என்ற இன்னொரு குட்டி ஃபேரியின் அம்பு 1 டேமேஜ்தான், ஆனால் டிசி 10 கான்ஸ்டிடியூஷன் சேவை 5 அல்லது அதற்கு மேல் தவறவிட்டால் மயக்கம். போனஸ் எதுவும் இல்லாதவருக்கு மேலே படும் ஒவ்வொரு அம்பிலும் 25 சதவீத வாய்ப்பு. கொல்ல விரும்பாமல் பிடித்துப்போக வரும் எதிரியாக ஸ்ப்ரைட்டைப் பயன்படுத்துங்கள். சூனியக்காரிகள் மூவர் கூட்டமாக வந்தால், அவர்களுடைய கூட்டு மந்திரங்கள் ஒருவருக்கொருவர் 30 அடிக்குள் இருந்தால்தான் வேலை செய்யும். ஒருத்தியைப் பொய்ச் செய்தி சொல்லி வெளியே இழுக்கும் திட்டத்துக்கு இடம் கொடுங்கள்.

குளிர் இரும்பு என்ற தனி வகை இரும்பு 3.5 பதிப்பில் பெரிய ஆயுதம். மற்ற ஆயுதங்களின் அடியில் பிக்ஸி 10 டேமேஜைத் தள்ளுபடி செய்யும், குளிர் இரும்பு முழுதாக இறங்கும். ஐந்தாம் பதிப்பில் அந்தப் பொது விதி இல்லை. வேண்டுமானால், தொட்டால் மாயத்தோற்றம் கலையும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வெளியே வருவது. ஒரு நாளாவது அங்கே தங்கியிருந்தால் காலம் பிறழலாம். டி20 (இருபது பக்கப் பகடை) உருட்டினால் 1-2 வந்தால் நாட்கள் நிமிடங்களாகும், 3-6 மணிநேரங்கள், 7-13 மாற்றமில்லை, 14-17 வாரங்கள், 18-19 மாதங்கள், 20 வருடங்கள். அங்கே மூன்று நாள் இருந்தவர் 20 வந்தால் மூன்று வருடம் கழித்து வீடு திரும்புவார். அந்த ஐந்து சதவீதம் உங்கள் மற்ற எல்லாக் கதைகளையும் கவிழ்த்துவிடும். எனவே குழு உள்ளே போகும் முன்பே, தனியாக, முழுக் குழுவுக்கும் ஒரே ரோலாக உருட்டிக்கொள்ளுங்கள். உருட்டாமல் நீங்களே தேர்ந்தெடுக்கவும் விதி இடம் தருகிறது. மாதமோ வருடமோ வந்தால் இறந்த ஒருவர், வளர்ந்த ஒரு குழந்தை, கைமாறிய ஒரு கட்டடம் என மூன்று மாற்றங்களைத் தயாராக வையுங்கள். இந்தக் காலப் பிறழ்வை நீக்க, கேட்டதை நடத்தும் விஷ் ஸ்பெல் வேண்டும், ஒரு முறையில் பத்துப் பேர்வரை. கீயஸுக்கு ஒப்புக்கொண்டால் ஒரு பெரிய ஃபேரி அதைத் தரக்கூடும்.

வெளியே வருபவர் அங்கே நடந்ததை மறந்தும் போகலாம். இந்த நினைவிழப்பிலிருந்து தப்ப டிசி 10 விஸ்டம் (அறிவுக்கூர்மை) சேவ். எல்ஃப் போன்ற ஃபே வம்சத்தார் தானாகவே தப்புவர். நான்கு செஷன் ஆடியதை மறந்ததுபோல் நடி என்று ஒருவரிடம் கேட்பது கொடுமை. தோற்றவரிடமிருந்து ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுங்கள்: வாசலுக்கான வழி, அல்லது அங்கே சந்தித்த ஒருவரின் முகம். சாபம் நீக்கும் எந்த ஸ்பெல்லும் நினைவை மீட்கும், ஆனால் கிளெரிக்குக்கு (பூசாரிக்கு) ரிமூவ் கர்ஸ் ஐந்தாம் லெவலில்தான் கிடைக்கும். குழு அதற்குக் கீழே இருந்தால், அதைச் செய்யக்கூடிய பூசாரி ஒருவரை வாசலுக்கு இரண்டு நாள் நடைத் தொலைவில் வைத்துவிடுங்கள்.