ஹார்ட் டிஸ்க் காட்டவில்லையா? அவசரப்பட்டு எதையும் அமுக்காதீர்கள்

முகூர்த்த மாதம் வந்துவிட்டால் மதுரைப் பக்கம் வீடியோக்காரர்களின் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்குக்கு ஓய்வே கிடையாது. காலையில் திருமங்கலத்தில் கல்யாணம், மாலையில் மேலூரில் வரவேற்பு. ராத்திரி ஸ்டுடியோவுக்கு வந்து கேமரா கார்டுகளை எல்லாம் டிஸ்கில் கொட்டிவிட்டுத் தூங்கப் போவார்கள். மறுநாள் எடிட்டர் செருகினால் டிஸ்க் காட்டாது. "நேத்து வரைக்கும் நல்லாத்தாண்ணே இருந்துச்சு" என்று சர்வீஸுக்கு எடுத்து வருகிறவர்களில் பலர், அதற்குள் எதையாவது அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். டிஸ்க் கெட்டதால் போன படங்களைவிட, காட்டவில்லை என்றதும் பதறிப்போய்ச் செய்த வைத்தியத்தால் போன படங்கள்தான் நான் பார்த்தவரை அதிகம்.

டிஸ்க் செத்துவிட்டது என்று உடனே முடிவு கட்டுவதில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது. பல நேரம் கோளாறு வயரில் இருக்கும். சின்ன ஹார்ட் டிஸ்குகள் பலவற்றில் வரும் கேபிளின் முனையைப் பாருங்கள்: தட்டையாக, அகலமாக, நடுவில் பள்ளம் விழுந்து இரண்டு துண்டாகத் தெரியும். அதில் பெரிய பாதிக்குள் பழைய ஆண்ட்ராய்டு போன் சார்ஜர் கேபிள் கச்சிதமாக நுழைந்துவிடும். நல்ல கேபிளாக இருந்தால் டிஸ்க் வேகம் குறைவாக ஓடும். சார்ஜ் ஏற்ற மட்டும் செய்த மலிவான கேபிள் என்றால், உள்ளே டேட்டா கம்பியே இருக்காது. லைட் எரியும், டிஸ்க் சுற்றும், கம்ப்யூட்டரில் மட்டும் ஒன்றும் வராது.

அந்தக் கேபிள் முனை லூசாகிவிட்டால் இன்னொரு வேலை செய்வார்கள். பேப்பரை மடித்தோ தீக்குச்சியைச் சொருகியோ முட்டுக் கொடுத்து, கேபிள் ஒரு பக்கம் சாய்ந்தபடியே காப்பி போடுவார்கள். பாதியில் தொடர்பு விட்டுவிட்டு வந்தால், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று டிஸ்க் எழுதி வைத்திருக்கும் அட்டவணை குழம்பிப்போகும். போர்டில் பற்றவைத்திருக்கும் சாக்கெட்டும் பெயர்ந்து வரும். வேறு நல்ல கேபிள் போட்டும் ஆடினால், சாக்கெட்டைச் சரி செய்யாமல் ஒரு படம்கூடக் காப்பி போடாதீர்கள்.

அடுத்தது கரண்ட். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. டிஸ்க் சுற்ற ஆரம்பிக்கும் அந்தச் சில வினாடிகளுக்கு ஒரு ஆம்பியர் வரைகூடக் கேட்கும். சிபியு பெட்டியின் முன்பக்கப் போர்ட்டில், அதிலும் நாலு பேர் பங்கு போடும் ஹப்பில் செருகினால் தடுமாறத்தானே செய்யும்? 'டிக், டிக்' என்று சத்தம் போட்டு நின்றுவிடும். பெட்டியின் பின்பக்கப் போர்ட்டில் நேராக, வேறு கேபிளில் ஒருமுறை செருகிப் பாருங்கள். அங்கேயும் அதே சத்தம் வந்தால் அது டிஸ்குக்குள் படித்து எழுதும் தலைப்பகுதியின் கோளாறாக இருக்கலாம். உடனே கழற்றி வைத்துவிட வேண்டும். பெரிய 3.5 அங்குல டிஸ்குகளுக்குத் தனி 12 வோல்ட் அடாப்டர் வரும். அது தொலைந்துவிட்டால் மோடத்தின் அடாப்டரைப் பிடுங்கிப் போடுவது நம்ம ஊர் வழக்கம். பின் பொருந்தினால் மட்டும் போதாது. வோல்ட் சரியாக இருக்க வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது. லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைச் சொருகினால் போர்டு கருகிவிடும்.

இனி பெரிய தவறுக்கு வருகிறேன். டிஸ்கைச் செருகியதும் 'ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்று விண்டோஸ் கேட்கும். கம்ப்யூட்டரே சொல்கிறதே என்று ஓகே கொடுத்துவிடுவார்கள். உள்ளே இருப்பதைப் படிக்க எனக்குத் தெரியவில்லை என்பதைத்தான் அது அப்படிச் சொல்கிறது, உள்ளே ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை. மேக் கம்ப்யூட்டரில் ஃபார்மட் செய்த நல்ல டிஸ்கைச் செருகினாலும் விண்டோஸ் இதையேதான் கேட்கும். அட்டவணை மட்டும் குழம்பியிருந்தாலும் கேட்கும். குவிக் ஃபார்மட் போட்டுவிட்டால்கூடப் பெரும்பகுதியை மீட்க வாய்ப்பு உண்டு. அந்த 'குவிக்' டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் போட்டால், விஸ்டாவிலிருந்து எல்லா விண்டோஸும் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதிவிடும். அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. புது டிஸ்க் மாதிரித் தயார் செய்யட்டுமா என்று 'இனிஷியலைஸ்' கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

கேன்சல் கொடுத்துவிட்டு, விண்டோஸ் பட்டனோடு எக்ஸ் எழுத்தை அழுத்தி டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து பார்க்கலாம். வெறுமனே பார்ப்பதால் எதுவும் கெடாது. டிஸ்க் நல்லபடியாகத் தெரிந்து, டி, இ மாதிரி எழுத்து மட்டும் இல்லையென்றால் ஒரு எழுத்தைக் கொடுங்கள், வேலை முடிந்தது. 'ரா' (RAW) என்று காட்டினால் அட்டவணைச் சிக்கல். அளவே காட்டாமல் 'நோ மீடியா' என்றால் கோளாறு டிஸ்கிலோ பெட்டிக்குள் இருக்கும் போர்டிலோ இருக்கிறது. இந்த இரண்டுக்கும் அதற்கு மேல் கை வைக்காதீர்கள்.

ஆனால் இந்த இடத்தில்தான் யூடியூபைப் பார்த்துவிட்டு 'செக்டிஸ்க்' ஓட விடுவார்கள். அது டிஸ்கின் கணக்கைச் சரிபண்ணுகிற கருவி, உங்கள் படங்களைக் காப்பாற்றுவது அதன் வேலையில்லை. எது எந்த ஃபோல்டரைச் சேர்ந்தது என்று தெரியாததை எல்லாம் பெயர் மாற்றி ஒரு மூலையில் தள்ளிவிடும். கல்யாண ஆல்பம் பெயர் தெரியாத துண்டுகளாகக் கிடக்கும். டிஸ்கில் பழுதான பகுதிகள் இருந்தால், மூலை முடுக்கெல்லாம் படித்துப் பார்க்கிறேன் என்று அது மணிக்கணக்கில் ஓட, சாகக் கிடக்கிற டிஸ்க் அதிலேயே செத்துப்போகும். டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில், படிக்கச் சிரமப்படும் பகுதிகளின் எண்ணிக்கையைச் சொல்லும் சி5 (C5) என்று ஒரு வரிசை இருக்கும். அதில் பூஜ்யத்துக்கு மேல் எண் இருந்தால் முதல் வேலை டிஸ்கை அப்படியே இன்னொரு டிஸ்குக்கு நகல் எடுப்பதுதான். லினக்ஸில் ஓடும் டிடிரெஸ்க்யூ அதைச் செய்யும். படிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிப்பதைக் கடைசிக்குத் தள்ளி வைக்கும். மீட்பு வேலையை எல்லாம் அந்த நகலில் செய்துகொள்ளலாம். மீட்ட படங்களை அதே பழைய டிஸ்கில் சேமிப்பவர்களும் இருக்கிறார்கள். மீட்க வேண்டியதன் மேலேயே எழுதினால் என்ன மிஞ்சும்?

பெட்டியை உடைத்து டிஸ்கை எடுத்து வேறு கேஸில் போட்டால் வந்துவிடும் என்றொரு நம்பிக்கை உண்டு. சிலதில் வரும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் மாடல்கள் பலவற்றில் யூஎஸ்பி சாக்கெட்டே டிஸ்கின் போர்டோடு சேர்ந்திருக்கும், வேறு கேஸில் போடவே வழியில்லை. சில மாடல்களில் எழுதும்போதே பூட்டி எழுதும் சிப் போர்டில் இருக்கும். அந்தப் போர்டு இல்லாவிட்டால் படிப்பது வெறும் குப்பையாகத்தான் வரும். டிஸ்கின் மூடியையே திறப்பது, ஃப்ரீசரில் வைப்பது, தட்டிப் பார்ப்பது இதெல்லாம் பேச்சுக்கே வேண்டாம்.

ஒன்றை மட்டும் யாரும் யோசிப்பதில்லை: கேமரா கார்டு. டிஸ்கில் போட்டாயிற்று என்று கார்டை அழித்திருந்தாலும், அதில் புதிதாக எதுவும் எடுக்காதவரை பெரும்பாலும் படங்களை மீட்க முடியும். டிஸ்க் காட்டவில்லை என்று தெரிந்ததுமே, அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்புகிற பையனிடமிருந்து அந்தக் கார்டை வாங்கித் தனியாக வைத்துவிட்டு வேறு கார்டு கொடுத்து அனுப்புங்கள்.

சர்வீஸுக்குக் கொண்டு போகும்போது கேபிளையும் அடாப்டரையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுக் குலுக்கிக்கொண்டு போகாமல் துணியில் சுற்றிப் பையில் வையுங்கள். வாரண்டி இருக்கிறது என்று கம்பெனிக்கு அனுப்புவதாக இருந்தால், சாதாரண வாரண்டியில் மாற்று டிஸ்க்தான் கிடைக்கும், உள்ளே இருக்கும் படங்கள் திரும்பி வராது. அதனால் முதலில் படங்கள், அப்புறம் வாரண்டி. மெக்கானிக்கிடம் எதை எதை அமுக்கிப் பார்த்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஃபார்மட் கொடுத்தது தெரிந்தால் அவர் ஆரம்பிக்கிற இடமே வேறு.