ஸ்விட்ச் கடைசியில்தான்: கிடப்பில் கிடந்த இழைப்பு மிஷினை ஓட்டவைக்கும் முறை

டெல்டா ஊர்களில் பழைய மரப்பட்டறைகளின் பின்கட்டில், சாக்குக் குவியலுக்கு அடியில், 12 அங்குல வார்ப்பிரும்பு சர்ஃபேஸ் பிளேனர் ஒன்று துருவேறிக் கிடப்பது அதிசயமில்லை. அதை வெளியே இழுத்ததும் எல்லோருக்கும் வரும் முதல் ஆசை, ஒயரைக் கொடுத்து "ஓடுதா பார்ப்போம்" என்பது. அந்தச் சோதனைதான் மிஷினைக் கெடுக்கும். ஈரம் ஏறிய மோட்டார் புகையும், காய்ந்த கிரீஸோடு பேரிங் தேய்ந்து போகும், துருவில் பிடிப்பு விட்ட பிளேடு பறக்கும். மூன்றாவது நடந்தால் மிஷினைப் பற்றிக் கவலைப்படவே நேரம் இருக்காது.

வேலையைத் தொடங்கக் காலமும் முக்கியம். மாசி முதல் ஆடி வரை நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் தேய்த்துப் பளபளப்பாக்கிய மேசை ஒரே ராத்திரியில் மறுபடி பழுப்பாகும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்று வேறு இருக்கிறது. அங்கே அன்றன்று தேய்த்த இடத்தில் அன்றன்றே எண்ணெய் தடவிவிட வேண்டும்.

தூக்கும்போது அடிப்பாகத்தில்தான் கயிறு போட வேண்டும். மேசையிலோ, பிளேடுகளைத் தாங்கிச் சுழலும் கட்டர் பிளாக்கிலோ போட்டுத் தூக்கினால் வார்ப்பில் விரிசல் விழும், தண்டு வளையும். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேசைக்கு அடியிலும் பேரிங் மூடிக்கு நடுவிலும் உள்ள மெல்லிய தகடுகளை எடுத்த வரிசையிலேயே கட்டி வையுங்கள். குப்பை மாதிரி தெரியும் அந்தத் தகடுகள்தான் மட்டத்தைத் தீர்மானிக்கின்றன.

முதலில் கட்டர் பிளாக்கைப் பாருங்கள். உருளை வடிவமா, சதுரமா? சதுரமாக இருந்தால் அதை ஓட்டவே வேண்டாம். சதுர பிளாக்கில் மேசைகளுக்கு நடுவே வாய் பெரிது. கை தவறினால் விரல் நுனியோடு நிற்காது, கையே உள்ளே போகும். கையால் மரம் தள்ளும் பிளேனரில் உருளை பிளாக்தான் இருக்க வேண்டும் என்று பிரிட்டனில் 1922-லேயே விதி போட்டுவிட்டார்கள். சதுர பிளாக் உள்ள மிஷினை வைத்துக்கொள்ள விரும்பினால், திருச்சியை அடுத்த துவாக்குடி, திருவெறும்பூர் பக்கம் உள்ள நல்ல லேத் பட்டறையில் உருளை பிளாக் செய்து, பேலன்ஸ் பார்த்துப் போடுங்கள். அந்தச் செலவு கட்டாது என்றால் பழைய இரும்பு விலைக்குப் போடுவதே மேல்.

இறுகிய போல்ட்டுகளை அவசரப்படுத்தாதீர்கள். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சம அளவு கலந்து சொட்டு விட்டு, போல்ட் தலையில் சிறு சுத்தியலால் தட்டி, ஒரு ராத்திரி விடுங்கள். கிடைக்காவிட்டால் மண்ணெண்ணெயும் கொஞ்சம் டீசலும் போதும், நாள்தான் கூடும். பழைய மிஷின்களில் பல இடத்தில் மில்லிமீட்டர் போல்ட் இருக்காது, அங்குலக் கணக்கு விட்வொர்த் மரைதான். அரை அங்குல விட்வொர்த்தில் ஓர் அங்குலத்துக்கு 12 மரை. எம்12 (12 மி.மீ.) போல்ட் இரண்டு சுற்று உள்ளே போய் இறுகும், பொருந்திவிட்டது போலத் தோன்றும். அதற்கு மேல் அழுத்தினால் வார்ப்பிரும்பின் மரை உதிர்ந்துவிடும். பழைய போல்ட்டையே கடைக்கு எடுத்துப் போய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

மேசைத் துருவுக்கு மண்ணெண்ணெயில் நனைத்த 220 எமரி ஷீட்டை ஒரு தட்டையான மரக்கட்டையில் சுற்றி, நீளவாக்கில் மட்டும் தேயுங்கள். கிரைண்டர் வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை உண்டாக்கிவிடும். கறுப்புத் தழும்புகள் இருக்கட்டும், அவை மரத்தைத் தடுப்பதில்லை. வெள்ளத்தில் மூழ்கிய மிஷின் என்றால் மேசை ஏறி இறங்கும் சரிவுப் பாதையில் வண்டல் புகுந்திருக்கும். அதை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவாமல் கைச்சக்கரத்தைத் திருகினால் மணல் அந்தப் பரப்பையே அரித்துவிடும். சின்னப் பாகங்களுக்கு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்து, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் மைனஸைப் பாகத்திலும் பிளஸை வேண்டாத இரும்புத் துண்டிலும் கொடுத்து ஊறவைக்கலாம். பிளஸ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடாது, நச்சுத் தண்ணீர் உண்டாகும். திறந்த வெளியில், நெருப்பு அருகில் இல்லாமல் செய்யுங்கள்.

பேரிங் பகுதிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பேரிங் உட்காரும் வார்ப்புக் கூட்டில், அதாவது பேரிங் வீட்டில், எண்ணெய்க் குப்பியும், இரண்டு பாதியாகப் பிரியும் மூடியும் இருந்தால் அது ஒயிட் மெட்டல் என்னும் மென்மையான உலோகக் கலவை பேரிங். அதில் கிரீஸ் அடிக்கக் கூடாது, மெல்லிய எண்ணெய்தான். தண்டுக்கும் உலோகத்துக்கும் நடுவே சுமார் 0.05 மி.மீ. இடைவெளி போதும். இறுகிய மூடியைக் கழற்ற கேஸ் அடுப்புச் சுடரைக் காட்டாதீர்கள், ஒயிட் மெட்டல் சீக்கிரம் உருகி ஓடிவிடும். பால் பேரிங் என்றால் யோசிக்காமல் புதுசு. பல வருடம் ஒரே இடத்தில் நின்ற பேரிங்கில் குண்டுகள் உட்கார்ந்த இடங்களில் துருப்புள்ளி விழுந்திருக்கும். கையால் சுற்றினால் ஒன்றும் தெரியாது, நிமிடத்துக்கு 4,000 சுற்றில்தான் உறுமும். வளையத்தில் பொறித்த எண்ணைப் பாருங்கள். 6206 என்றால் துளை 30, வெளிவட்டம் 62, அகலம் 16 மி.மீ. மரத்தூள் பறக்கும் இடம் என்பதால் இரு பக்கமும் ரப்பர் மூடிய 2ஆர்எஸ் வகையே சரி. போலி பேரிங் சந்தையில் நிறைய, அதனால் பில் தரும் விநியோகஸ்தரிடமே வாங்குங்கள். அடித்து ஏற்றும்போது தண்டில் ஏறும் உள்வளையத்தில் மட்டும் குழாய் வைத்துத் தட்ட வேண்டும். வெளிவளையத்தில் தட்டினால் புது பேரிங் அப்போதே பழசு. ஒரு பக்க பேரிங் நகராமல் இறுகி இருக்க, மறுபக்கம் கொஞ்சம் நகர இடம் வேண்டும். தண்டு சூட்டில் நீளும்போது இரண்டும் இறுகியிருந்தால் ஒன்று சாகும்.

மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திறந்தால் குளவிக் கூடு, எலி கடித்த ஒயர், பதர் எல்லாம் இருக்கும். சுத்தம் செய்து, மின்கசிவைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர் கருவியில் வைண்டிங்குக்கும் உடலுக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் மின்சாரம் கொடுக்கக் கூடாது. இரண்டு பக்க மூடியையும் கழற்றி, உள்ளே 100 வாட் பழைய குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, காற்று போக வழி விட்டுத் தார்ப்பாய் போர்த்தி ஓரிரு நாள் உலர்த்துங்கள். அப்படியும் ஏறாவிட்டால் ரீவைண்டிங்தான். மோட்டார் பேரிங்கையும் இதோடு மாற்றிவிடுங்கள்.

பழைய இரும்பு மெயின் பெட்டியை மட்டும் வைத்து ஓட்டாதீர்கள். கரண்ட் போய்த் திரும்ப வந்தால் மிஷின் தானாகச் சுழலத் தொடங்கும், அப்போது கை மேசைமேல் இருக்கலாம். நோ-வோல்ட் காயில் பொருத்திய ஸ்டார்ட்டர் இருந்தால் கரண்ட் போனதும் விழுந்துவிடும், பச்சை பட்டனை அழுத்தினால்தான் மறுபடி ஓடும். 2 எச்.பி. மோட்டாருக்கு 415 வோல்ட்டில் ஸ்டார்ட்டரின் ஓவர்லோடு ரிலேயைச் சுமார் மூன்றரை ஆம்பியரில் வையுங்கள், பெயர்ப்பலகையில் எழுதியிருப்பதே இறுதி. மழைக்காலத்தில் மூன்று முனையில் (பேஸ்) ஒன்று போய்விட்டு இரண்டு முனையில் மோட்டார் முனகி எரிவது டெல்டாவில் சகஜம். சிங்கிள் பேஸ் பிரிவென்டர் சேர்த்துப் போடுங்கள், ரீவைண்டிங் கூலியைவிடக் குறைவு.

வேகத்தைக் கணக்குப் பாருங்கள். 1,440 சுற்று மோட்டாரில் 8 அங்குல புல்லியும் பிளாக்கில் இரண்டரை அங்குல புல்லியும் இருந்தால் சுமார் 4,600 சுற்று. பழைய புல்லிகள் கொடுத்த வேகத்துக்கு மேல் போக வேண்டாம்.

பிளேடு மாட்டும் வேலையில் அவசரமே ஆகாது. எதிரெதிர் பிளேடுகளும் அவற்றை இறுக்கிப் பிடிக்கும் ஆப்புகளும் ஒரே எடையாக இருக்க வேண்டும், தட்டான் கடைத் தராசில் அரை கிராமுக்கு மேல் வித்தியாசம் வந்தால் கனமானதைத் தேய்த்துச் சமப்படுத்துங்கள். விளிம்பு பிளாக்கிலிருந்து 1 முதல் 1.5 மி.மீ. மட்டும் வெளியே இருக்கட்டும். ஆப்பு போல்ட்டுகளை நடுவிலிருந்து இரு பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், ஸ்பேனரில் குழாய் செருகி நீட்ட வேண்டாம். மரை தேய்ந்த போல்ட் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

உயரம் பார்க்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நேரான மரச்சட்டம் ஒன்றை, இழைத்த மரம் வெளியேறும் பின்மேசைமேல் வைத்து, பிளாக்குக்கு மேல் நீட்டி, மேசை விளிம்பு இருக்கும் இடத்தில் பென்சில் கோடு போடுங்கள். பிளாக்கைக் கையால் சுற்றினால் பிளேடு சட்டத்தை முன்னே இழுத்து விடும். 3 மி.மீ. நகர்ந்தால் சரி. 100 மி.மீ. பிளாக்கில் அந்த நகர்வு உயரத்தில் சுமார் 0.02 மி.மீ. தான், கண்ணால் பிடிக்க முடியாத அளவு. ஒவ்வொரு பிளேடையும் இரண்டு ஓரத்திலும் பாருங்கள், நான்கு இடத்திலும் ஒரே நகர்வு வர வேண்டும். மரத்தின் கடைசி நாலு விரல்கடை ஆழமாகச் செதுக்கப்பட்டால் பின்மேசை தாழ்ந்திருக்கிறது. மரத்தின் முன் நுனி மேசை விளிம்பில் முட்டி நின்றால் உயர்ந்திருக்கிறது.

இப்போது ஸ்விட்ச். முதலில் பெல்ட் இல்லாமல் மோட்டாரை மட்டும். பிளேடு மேல்பக்கத்தில் தள்ளுபவரை நோக்கி வர வேண்டும், மாறிச் சுற்றினால் மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை மாற்றுங்கள். பிறகு பெல்ட் மாட்டி, பிளேடும் ஆப்பும் முழுக்கக் கழற்றிய பிளாக்கைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். பாதி இறுகிய ஆப்போடு ஒருபோதும் வேண்டாம். நிறுத்திய பிறகு பேரிங் வீட்டில் கை வைத்துப் பாருங்கள், கை தாங்காத சூடு என்றால் இறுக்கம் அதிகம். எல்லாம் சரியென்றால் மேலே சொன்ன முறையில் பிளேடு மாட்டி, பிளாக்குக்கு மேலுள்ள மூடியைப் போட்டு, பிளேடு சுழலும் நேர்க்கோட்டில் நிற்காமல் பக்கவாட்டில் நின்று தொடங்குங்கள். ஒரு மணி நேரம் ஓடியதும் மெயினை அணைத்து ஆப்பு போல்ட்டுகளை மறுபடி பாருங்கள்.

முதல் மரமாக ஆணியில்லாத பூவரசு அல்லது வாகையில் ஒரு மி.மீ. மட்டும் எடுங்கள். இடித்த வீட்டுத் தேக்கு உத்தரத்தைக் காந்தம் வைத்துத் தடவாமல் போடாதீர்கள், பித்தளை ஆணி காந்தத்துக்குச் சிக்காது என்பதால் கண்ணாலும் பாருங்கள். தென்னைமரம் பிளேடைச் சீக்கிரம் மழுங்கவைக்கும், தென்னை வேலைக்கென்று தனி ஜோடி வைத்துக்கொள்வது நல்லது. மேசைக்கு எண்ணெய் தடவி இழைத்தால் மரத்தில் கறை ஏறும், அதனால் வெள்ளை மெழுகுவர்த்தியைத் தேய்த்துத் துணியால் துடைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் மூட பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம். அடியில் வியர்த்து அங்கேயே துரு பிடிக்கும், கனமான பருத்தித் துணி போதும்.