கூரையில் அந்த வி வடிவப் பள்ளம் வர வேண்டும்

நொறுங்கும் பாறையைக் கணினியில் மாடல் செய்யப் பழகுபவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது கனடாவின் மனிடோபாவில், 420 மீட்டர் ஆழத்தில் கிரானைட்டில் குடைந்த ஆய்வுச் சுரங்கம். வட்டம், விட்டம் 3.5 மீட்டர். வெடி வைக்காமல் வெட்டியது என்பதால், சேதத்துக்கு வெடிமருந்தைக் குற்றம் சொல்ல முடியாது.

முதலில் கால்குலேட்டர். குறுக்குவெட்டில் பெரிய தகைவு (பாறையின் ஒரு பரப்பளவில் அழுத்தும் விசை) 60, சிறியது 11 மெகாபாஸ்கல்; வட்டத் துளைக்கான சூத்திரப்படி கூரையில் 3 × 60 − 11 = 169. ஆய்வகத்தில் அந்தக் கல் 200க்கு மேல் தாங்கியது. ஆனாலும் கூரையும் தரையும் வி வடிவப் பள்ளமாக உடைந்தன.

ஆய்வக எண்களை அப்படியே போட்டு நானும் ஒரு ராத்திரி முழுக்க ஓட்டினேன். காலையில் பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை!

கோளாறு, கொஹீஷனும் (கல்லின் துகள்களைச் சேர்த்துப் பிடிக்கும் வலு) உராய்வும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் என்று நினைத்தது. விரிசல் விட்ட துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கினால்தான் உராய்வு பிறக்கும். ஆகவே கொஹீஷனை 50இலிருந்து 15 மெகாபாஸ்கலுக்கு, 0.2% பிளாஸ்டிக் திரிபுக்குள் (பழைய நிலைக்குத் திரும்பாத உருமாற்றம்) இறக்குங்கள். உராய்வின் அளவைச் சொல்லும் உராய்வுக் கோணத்தைப் பூஜ்யத்தில் தொடங்கி, 0.5%இல் 48 டிகிரிக்கு ஏற்றுங்கள்.

மெஷ், அதாவது மாடலைப் பிரிக்கும் சிறு கட்டங்களின் அளவை மாற்றினால் விடையும் மாறும். கூரையருகே ஒரே அளவில் வையுங்கள்.

அப்புறம் டேப் பிடியுங்கள்: பள்ளத்தின் முனை மையத்திலிருந்து ஆரத்தைப் போல் சுமார் 1.3 மடங்கு தூரத்தில், அதாவது கூரைக்குள் அரை மீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டும். பள்ளம் வட்டமாகப் பரவினால், உராய்வு சீக்கிரமே ஏறிவிட்டதா என்று முதலில் பாருங்கள்.