1024-ஐத் தாண்டாத மானிட்டர்: என் அனுபவம்

பழைய மேசைக் கணினியில் விஜிஏ கேபிள் (படத்தை மானிட்டருக்குக் கொண்டுபோகும் பழைய வகைக் கேபிள்) வழியாக 1920×1080 புள்ளிகள் கொண்ட மானிட்டர் ஒன்றை மாட்டினேன். படம் தெளிவாக வந்தது, நிறமும் சரி. ஆனால் விண்டோஸ் 1024×768-க்கு மேல் எதையும் காட்டவில்லை.

கிராபிக்ஸ் டிரைவரை (திரைக் காட்சியை இயக்கும் மென்பொருள்) நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவினேன். பலனில்லை. அப்புறம் கஸ்டம் ரெசல்யூஷன், அதாவது 1920×1080 என்ற அளவை நானே, சேர்த்துப் பார்த்தேன். திரை கறுத்து, பழையபடியே திரும்பியது. வேறொரு இயங்குதளமான லினக்ஸில் துவக்கினாலும் அதே 1024×768. அப்படியென்றால் கோளாறு விண்டோஸில் இல்லை.

விண்டோஸில் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மானிட்டரின் மாடல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஜெனரிக் நான்-பிஎன்பி மானிட்டர்' என்றிருந்தது. மானிட்டர் தன் விவரத்தைக் கணினிக்குச் சொல்லவே இல்லை என்று அர்த்தம். விஜிஏ-வில் அந்த விவரம் போவது 12, 15-ஆம் பின்களில் (கேபிள் முனையில் உள்ள சிறு உலோக ஊசிகள்). படத்துக்கு வேறு பின்கள். அதனால்தான் படத்தில் குறையே தெரியவில்லை.

கேபிளைக் கழற்றி, அகலமான பக்கம் மேலே இருக்கும்படி பிடித்து டார்ச் அடித்தேன். நடு வரிசையில் ஒரு பின்னே இல்லை. அது 9-ஆம் பின். பல கேபிள்களில் இருக்காது, கவலை வேண்டாம். கீழ் வரிசையில் இடமிருந்து இரண்டாவது, அதாவது 12, சாய்ந்து படுத்திருந்தது. லெட் எடுத்த மெக்கானிக்கல் பென்சிலின் உலோக முனையை அதன்மேல் செருகி மெல்ல நிமிர்த்தினேன். மாட்டி ரீஸ்டார்ட் செய்ததும் மாடல் பெயர் வந்தது, 1920×1080-உம் வந்தது. அப்பாடா!

அந்தப் பின் ஊசி ஒடிந்தே போயிருந்தால் கேபிளை மாற்றுவதுதான் வழி.